பச்சை மை

அப்பா ஓய்வு பெற்று மூன்று மாதங்கள் ஆகின்றன. வாசலில் காத்துக் கிடந்த கூட்டம் மறுநாளே கலைந்துவிட்டது. கைபேசியை எடுத்து எடுத்துப் பார்ப்பார்; அது அடிக்காது. வீட்டில் இருக்கும்போதும் சட்டைப்பையில், அதிகாரியாகக் கையெழுத்துப் போட்ட அந்தப் பச்சை மைப் பேனா இருக்கும். பார்க்கவே நெஞ்சு கனத்தது.

எனக்குக் கக்கன்தான் நினைவுக்கு வந்தார். பொதுப்பணி, விவசாயம், உள்துறை என்று பத்து ஆண்டுகள் அமைச்சராக இருந்தவர். 1967 தேர்தலில் தோற்றார். பிறகு உடல் நலிந்தபோது மதுரை அரசு மருத்துவமனையில், சாதாரண வார்டில் படுத்திருந்தார். காவல்துறையையே கையில் வைத்திருந்த மனிதர்! பதவியை இரவல் சட்டையாக மட்டுமே போட்டிருந்தவரால்தான் அப்படிக் கழற்றிவைக்க முடியும். நம்மில் பலருக்கு நாற்காலி போனால் முதுகெலும்பும் கூடவே போய்விடுகிறது.

போன வாரம் பக்கத்துத் தெருப் பாட்டி முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தோடு வந்தார். அப்பா அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, வரி வரியாகப் படித்துக்காட்டி நிரப்பினார். கைநாட்டு வைத்த விரலைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டார்.

இன்று காலை திண்ணையில் நான்கு பேர். கடைக்குக் கிளம்பிய என்னிடம், “நீல மைப் பேனா ஒன்று வாங்கி வாம்மா” என்றார் அப்பா.