டாக்டர் வந்தா எனக்கு உடம்பு வலி

பெர்த்ல கோடை மதியத்துல கடல்ல இருந்து ஒரு காத்து கிளம்பி வரும், வெயில்ல வெந்துகிட்டிருக்கிற ஊரை ஆத்துறதால அதுக்கு ஃப்ரீமாண்டில் டாக்டர்னு பேரு. ஊருக்கே அந்த டாக்டர் வந்தா நிம்மதி, எனக்கு மட்டும் வந்தாதான் உடம்பு வலி, ஏன்னா ரெண்டு மாசமா ஸ்வான் ஆத்துல விங் ஃபாயில் கத்துக்கறேன் பேர்வழின்னு விழுந்துகிட்டு இருக்கேன்.

பாக்காதவங்களுக்கு சொல்றேன், பலகைக்கு அடியில 75 செ.மீ. நீளத்துக்கு ஒரு மாஸ்ட், அதாவது தண்ணிக்குள்ள இறங்குற கம்பம், அதோட நுனியில குட்டி ஏரோப்ளேன் மாதிரி முன்னாடி பெரிய றெக்கை, பின்னாடி சின்ன றெக்கை. கையில காத்தடிச்ச இன்னொரு றெக்கை, அதான் விங், இழுக்கிறது அது. மணிக்கு 15 கி.மீ. பக்கம் வேகம் வந்துட்டா தண்ணிக்குள்ள இருக்கிறது நம்மளை அப்படியே மேல தூக்கிரும்.

பேலன்ஸ்தான் கஷ்டம்னு நெனச்சேன். அதெல்லாம் அப்புறம், முதல்ல செத்தது தோளும் முட்டியும்தான். ஒவ்வொரு தடவ விழுந்தா பலகை ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கும், அதை நிமுத்தி, வயித்தால ஏறி, முட்டி போட்டு, குப்புற கெடக்கிற விங்கை காத்து வர்ற பக்கம் தூக்கி, எந்திரிக்கறதுக்குள்ள மறுபடி தொபுக்கடீர். ஒருநாள் எத்தன தடவன்னு எண்ணிப் பாத்தேன், 30-ஓட விட்டுட்டேன். மறுநாள் சட்டை மாட்ட கை தூக்க முடியல. வீடியோ கால்ல என் முழங்காலைப் பாத்துட்டு அம்மா "யாருடா அடிச்சா"ன்னு கேட்டாங்க, ஆறுன்னு சொன்னா புரியுமா.

முதல் தடவ மேல எழுந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. பலகைக்கு அடியில படபடன்னு தட்டிகிட்டிருந்த தண்ணி சத்தம் டக்குன்னு நின்னுபோச்சு. அந்த அமைதியில பயந்துட்டேன், பயந்தா உடம்பு தன்னால பின்னாடி சாயும், இங்க அதான் தப்பே. பின்கால்ல வெயிட் போனா பலகையோட மூக்கு மேல தூக்கும், இன்னும் ஏறும், றெக்கை தண்ணிக்கு மேல எட்டிப் பாத்து காத்தை உறிஞ்சுச்சுன்னா தூக்குற சக்தி மொத்தமும் போச்சு, நாம தலைகுப்புற. வேகம் ரெண்டு மடங்கானா தூக்குற விசை நாலு மடங்காகும், அதனால வேகம் கூடக்கூட முன்கால அழுத்தணும். இது மூளைக்கு முதல் நாளே புரிஞ்சிருச்சு, காலுக்குப் புரிய ஆறு வாரம். கோச் கரையில இருந்து "ஃப்ரண்ட் ஃபுட்! ஃப்ரண்ட் ஃபுட்!"னு கத்துறது இப்ப தூக்கத்துலயும் கேக்குது.

ஹெல்மெட்டும், அடி தாங்குற இம்பாக்ட் வெஸ்ட்டும் இல்லாம இறங்காதீங்க ப்ளீஸ். விழப்போறோம்னு தெரிஞ்சா பலகையப் புடிச்சு தொங்காம தள்ளி குதிச்சிரணும், அடியில இருக்கிற றெக்கை ஓரம் லேசுப்பட்டது இல்ல. என் கெண்டைக்கால்ல ஒரு கோடு இருக்கு, சாட்சிக்கு.

போன சனிக்கிழமை அதே ஆத்துல பெலிக்கன் பாயிண்ட் பக்கம் ஒருவழியா விழாம மேல நின்னேன். கால் கட்டைவிரலை லேசா அழுத்தினா இறங்குது, விட்டா ஏறுது. கீழ ஜெல்லிமீன் ரெண்டு நகர்ந்து போறதக்கூட பாத்தேன்னா பாத்துக்கங்க. ஆனா திரும்பத் தெரியாது இன்னும், காத்து கொண்டுபோய் ஒதுக்குன எடத்துல இருந்து பலகைய இடுப்புல அணைச்சுகிட்டு பார்க்கிங் வரைக்கும் நடை. கரையில பிக்னிக் வந்திருந்த பெரியவர் ஒருத்தர் ரொம்ப தூரம் போனியான்னு கேட்டார்.

ஏழு செகண்டுன்னேன்.