முதல் டுரியானைத் தின்றது மனிதன் இல்லை

டுரியான் பழத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுவார்: இப்படி நாறுகிற, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிற ஒன்றைப் பார்த்து, உடைத்துத் தின்னலாம் என்று முதலில் எவனுக்குத் தோன்றியிருக்கும்? நானும் ரொம்ப நாள் அதையே கேட்டுச் சிரித்தவன்தான். முதன்முதலில் அந்த வாடை மூக்கில் ஏறியபோது கேஸ் கசிகிறது என்று நினைத்து எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். (அது அப்படியொன்றும் முட்டாள்தனமில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. கசிந்தால் தெரியட்டும் என்று சமையல் கேஸில் கலக்கிற எத்தனெத்தியால் என்ற கந்தகச் சேர்மம் டுரியானிலும் இருக்கிறது.)

இப்போது அந்தக் கேள்வியே தலைகீழ் என்று தோன்றுகிறது. பசியில் கிறுகிறுத்துப்போன ஒருத்தன் வேறு வழியில்லாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் கடித்தான் என்று நாமே ஒரு கதை கட்டிக்கொள்கிறோம், ஆனால் அந்தக் கதையில் அவன் முகத்தில் இருப்பது நம்முடைய மூக்கு.

டுரியான் வகைகள் மிக அதிகமாக வளர்வது தென்கிழக்கு ஆசியாவின் போர்னியோ தீவில். அந்தக் காட்டுக்குள் மரம் முப்பது மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும், பழம் இலைகளுக்கு நடுவே எங்கோ உச்சியில் இருக்கும், கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. பழுத்ததும் தானாகவே விழும், விழுந்த பழம் ஓட்டின் வரியோடு வெடிக்கும், வாடை காட்டுக்குள் வெகுதூரம் போகும். யானை வரும், கரடி வரும். ஒராங்குத்தானுக்கு அந்தப் பொறுமைகூடக் கிடையாது, காயாக இருக்கும்போதே மரத்தில் ஏறிப் பிளந்து தின்னும். கொட்டையை விழுங்கி வேறிடத்தில் போட்டுவிட்டுப் போக மரத்துக்குப் பெரிய உடம்புக்காரர்கள் வேண்டும், அவர்களை வரச்சொல்லி அனுப்பும் அழைப்புத்தான் அந்த வாடை. நாம் அதை எச்சரிக்கைப் பலகை மாதிரி படித்துக்கொண்டிருக்கிறோம்.

அதே போர்னியோவில், சரவாக் பகுதியில் உள்ள நியா குகையில் கிடைத்த மனித மண்டையோட்டுக்கு ஏறக்குறைய 40,000 வயது. அவ்வளவு காலமாக மனிதர்கள் அந்தக் காட்டில் இருந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் ஒராங்குத்தான் உட்கார்ந்து டுரியான் தின்றுகொண்டிருக்க, கீழே நின்ற ஒருத்தருக்கு அது சாப்பிடுகிற பொருள்தான் என்று தெரிய எத்தனை நாள் ஆகியிருக்கும்? அதோடு, வாடை குறைவான பங்காளிகளும் அங்கேயே உண்டு. லாய் என்று ஒன்று, ஆரஞ்சு நிறச் சுளை, மணம் சாதுவானது. அதைத் தின்று பழகியவருக்கு இது கொஞ்சம் முரட்டுத் தம்பி, அவ்வளவுதான்.

பெயரைப் பாருங்கள். மலாய் மொழியில் துரி என்றால் முள். அந்த மண்ணின் மக்கள் பெயர் வைக்கும்போது முள்ளைத்தான் சொன்னார்கள், வாடையைச் சொல்லவேயில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் வைத்த அறிவியல் பெயரில்தான், சிபெத்தினஸ் என்று, வாடைக்குப் பேர்போன புனுகுப்பூனை வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழில் முள்நாறி என்று எழுதுகிறவர்களும் உண்டு. நாற்றம் என்றால் பழந்தமிழில் நறுமணம்தானே, அந்தக் கணக்கில் பார்த்தால் முள்நாறி திட்டே இல்லை.

வெளியார் மூக்கு எப்படி மாறும் என்பதற்கு ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் நல்ல சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பக்கமெல்லாம் சுற்றிய இயற்கையியலாளர். மலாக்காவில் வீட்டுக்குள் வைத்து முயன்றபோது வாடை தாங்காமல் ஒதுக்கிவிட்டார். அப்புறம் போர்னியோவில் தரையில் விழுந்து கிடந்த பழம் ஒன்று கிடைத்தது, வெட்டவெளியில் சாப்பிட்டார், அன்றோடு டுரியான் பைத்தியமாகிவிட்டார், அதை அவரே எழுதியும் வைத்திருக்கிறார். மூடிய அறையில் வைத்து முகர்ந்துவிட்டு நாம் தீர்ப்புச் சொல்வதில் இருக்கிற கோளாறு இதுதான் என்று நினைக்கிறேன். காட்டில் யாரும் அறைக்குள் சாப்பிடவில்லை.

நான் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்வது வேறு இரண்டை. ஒன்று, கொட்டை. பச்சையாகத் தின்னக்கூடாது, வேகவைத்தாலோ வறுத்தாலோ தின்னலாம். இதைக் காட்டிக்கொடுக்க மரத்தின் மேல் எந்தக் குரங்கும் இல்லை, யாரோ தன் வயிற்றையே பணயம் வைத்துத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இன்னொன்று தெம்போயாக். பருவத்தில் தின்று தீராத டுரியான் சுளையில் உப்புப் போட்டுப் புளிக்கவைக்கிறார்கள், ஏற்கெனவே அந்த வாடை, அதற்கு மேல் புளிப்பு வாடை வேறு. அதைக் கொண்டுபோய் மீன் குழம்பில் கரைத்துப் பார்த்தார் பாருங்கள் ஒருத்தர், எனக்குத் தெரிய வேண்டியது அவர் யார் என்றுதான்.