பீடாவில் ஒரு பாட்டு

ஜனவரி 9
சஹாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் தூசியில் மூன்று நாளாகத் தொண்டை கட்டிக் கிடக்கிறது. சாயங்காலம் கரண்ட் போனதும் வீட்டுக்கார அம்மா வாசலில் உட்கார்ந்து போனில் பாட்டுப் போட்டார். நைஜீரியாவின் பீடா நகரத்துக்கு வந்து இரண்டு மாதமாகியும், இந்த ஊர்க்காரர்களின் மொழியான நூப்பேயில் ஒரு பாட்டை நான் காது கொடுத்துக் கேட்டது இன்றுதான். யார் பாடுவது என்று கேட்டுவிட்டேன். "ஃபாத்திமா லோலோவைத் தெரியாதா?" என்று ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! சாகி நிங்பாசி என்பதுதான் அவருடைய பட்டப்பெயராம். சாகி என்பது நூப்பே அரச குடும்பத்துப் பெண்களுக்குத் தரும் பட்டம், ஆகவே பாட்டுக்காரர்களின் ராணி என்று வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 10
நைஜர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பதேகி அவருடைய ஊர். 1891இல் பிறந்து 1997இல் இறந்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பிறந்த வருஷங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஆனாலும் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலேயரின் ராயல் நைஜர் கம்பெனி என்ற வியாபாரக் கம்பெனியின் படை பீடாவைப் பிடித்த 1897இல் அவருக்கு ஆறு வயது. வடக்கையும் தெற்கையும் ஒட்டவைத்து 1914இல் ஆங்கிலேயர் நைஜீரியா என்று ஒன்றை உண்டாக்கியபோது 23. நாட்டை விட மூத்தவர்! சுதந்திரம் வந்தபோது 69 வயதுக் கிழவி.

ஜனவரி 13
பாட்டுக்கு அர்த்தம் கேட்டேன். இன்னார் மகன், இன்னார் பேரன், அள்ளிக் கொடுத்தவன் என்று பெயர்களாகவே போகிறது. சரி, காசுக்குப் பாடும் புகழ்ச்சிதானே என்று முதலில் அலட்சியமாக இருந்தேன். போன வாரக் கல்யாணத்தில் பெயர் கூப்பிடப்பட்டவர் எழுந்து போய்ப் பாட்டுக்காரியின் நெற்றியில் நைரா நோட்டை ஒட்டியதைப் பார்த்தவன்தானே நான். ஆனால் வீட்டுக்கார அம்மா பாட்டை நிறுத்தி நிறுத்தி, இவர் எந்த வீடு, யாருக்கு என்ன உறவு என்று விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார், எழுதிவைத்த ஒரு தாளும் இல்லாமல். ஃபாத்திமா லோலோவைப் பாடகி என்பதோடு வரலாற்றாளர் என்றும் ஏன் சொல்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

ஜனவரி 16
ஒரு வரியைப் பாடிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அடுப்படியில் இருந்தவர்கள்கூட வெளியே வந்து சிரித்தார்கள். ராகம் சரிதான், சொல்தான் மாறிப்போச்சாம். நூப்பேயில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் அர்த்தமே மாறிவிடும். பஸ்ஸில் வருகிற 'ப'வை எடுத்துக்கொள்ளுங்கள். குரலை உயர்த்திச் சொன்னால் புளிப்பது, ஏற்றாமல் இறக்காமல் நடுக்குரலில் சொன்னால் வெட்டுவது. இந்த லட்சணத்தில் இஷ்டத்துக்கு ஸ்வரத்தை இழுத்தால் யாரையாவது புகழப்போய் வேறெதையாவது சொல்லிவைப்போம். ஏழெட்டு முறை சொல்லவைத்தார். கடைசியில் தொண்டையே மறுபடி கட்டிக்கொண்டது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று போனை அணைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.