டிசி ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு நான் பட்ட பாடு

போன வருஷம் இதே சமயம் ஒரு தனியார் கல்லூரி ஆபீஸ் வாசலில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது சென்னையில் அரசுக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம். ஊரில் இருந்து மெட்ராஸ் வந்து படிக்க நினைக்கிற தம்பி தங்கைகள் யாரும் என்னை மாதிரி மாட்டிக்கொள்ளக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் பக்கம். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார், அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார். பதினொன்றாம் வகுப்பில் எங்கள் டீச்சர் ஆதிச்சநல்லூர் பரம்பில், அதாவது அந்த மேட்டில், இருக்கிற பழங்கால ஈமக்காட்டைப் பற்றி நடத்தும்போது, அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அறிஞர் 1899 முதல் 1905 வரை அங்கே தோண்டி எடுத்த பொருட்களைப் பார்க்க வேண்டுமானால் எழும்பூர் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். நம் மாவட்டத்து மண்ணில் கிடைத்ததைப் பார்க்க மெட்ராஸ் போகணுமா என்று அன்றைக்கு மனதில் விழுந்தது. வரலாறு படித்தால் அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆன்லைனில் விண்ணப்பம் போட்டது எல்லாம் சுலபம்தான், 50 ரூபாயோடு முடிந்தது. ஆனால் ரேங்க் லிஸ்ட் வருவதற்குள் வீட்டில் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. சென்னை கிடைக்காவிட்டால் என்ன செய்வது, கைக்கு ஒன்று இருக்கட்டும் என்று மாமா சொல்ல, ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் 10,000 ரூபாய் கட்டி சீட் போட்டோம். டிசி, மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது பணத்துக்கு மட்டும் கொடுத்தார்கள், சர்டிபிகேட்டுக்கு எதுவும் கொடுக்கவில்லை. அதைக் கேட்கணும் என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

சென்னைக் கல்லூரியில் செவ்வாய்க்கிழமை காலை கவுன்சிலிங் என்று செய்தி வந்தது. சனிக்கிழமை டிசி கேட்கப் போனால், "பிரின்சிபால் இல்லை, திங்கட்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு ஒரு நாள் வண்டி வருமானம் போனது. திங்கட்கிழமை காலையில் போனால் அந்த கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு டிசியை எடுத்துட்டுப் போங்க" என்கிறார். அப்பா கையைக் கூப்பி நின்றதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு நாள்கூட அங்கே வகுப்பில் உட்காராத பிள்ளைக்கு மூன்று வருஷ ஃபீஸ் எதற்கு?

வாசலில் உட்கார்ந்து டீச்சருக்கு போன் செய்தேன். மாணவர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018லேயே அறிவிப்பு கொடுத்திருக்கிறது என்று சொல்லி, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "சண்டை போடாதே, பிரின்ட் எடுத்து ஒரு லெட்டரோடு கொடு. தரமுடியாதுன்னா காரணத்தை எழுத்தில் கேளு" என்றார். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, லெட்டர் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் சீல் போட்டுத் தரச் சொன்னேன். கை நடுங்கியது. அந்த கிளார்க் படித்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார். அரை மணி நேரத்தில் என் டிசியும் மார்க் ஷீட்டும் கைக்கு வந்துவிட்டன. சனிக்கிழமை இல்லை என்று சொன்ன பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட உறையில்!

10,000 ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை. யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் கொடுத்து வைத்திருக்கிறேன், விடப்போவதில்லை.

அன்று ராத்திரியே கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ். அன்ரிசர்வ்டு பெட்டியில் கதவோரம் உட்கார்ந்து, பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு விடிய விடிய தூங்கவில்லை. காலையில் எழும்பூர், அங்கிருந்து கல்லூரி, சரிபார்ப்பு, சீட். மத்தியானத்துக்குள் முடிந்தது.

அப்புறம் தங்குமிடம். பிசி (பிற்படுத்தப்பட்டோர்) ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை, குரோம்பேட்டையில் சித்தி வீட்டில் இருக்கிறேன். அங்கிருந்து சேத்துப்பட்டு வரை தினமும் எலக்ட்ரிக் ட்ரெயின். ஸ்டூடன்ட் சீசன் டிக்கெட் எடுக்கக் கல்லூரியில் ஃபாரம் தருவார்கள். முதல் தடவை ஆபீஸில் ஸ்டேஷன் பெயரைத் தப்பாக எழுதி அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள், கவுன்ட்டரில் வாங்கவில்லை. இரண்டாவது தடவை, ஐடி கார்டில் ஊர் முகவரி இருக்கிறது, குரோம்பேட்டையில் இருந்து எப்படி பாஸ் தருவது என்று கேட்டார்கள். கல்லூரியில் போனஃபைடு சர்டிபிகேட்டில் சித்தி வீட்டு முகவரியைப் போட்டு வாங்கிக்கொண்டு மூன்றாவது தடவை போனபோதுதான் கிடைத்தது. ஃபாரத்தை ஆபீஸில் இருந்து நகர்வதற்கு முன்னாலேயே எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். பெண் பிள்ளைகள் என்றால் ஒயிட் போர்டு (சாதாரணக் கட்டண) பஸ் 2021ல் இருந்து இலவசம்தான், ஆனால் குரோம்பேட்டையில் இருந்து பஸ்ஸில் வந்தால் முதல் பீரியடை மறந்துவிட வேண்டியதுதான்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்து படித்துவிட்டு வருகிற பெண்களுக்கு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. என்னுடன் படிக்கிறவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது, எனக்கு மட்டும் மூன்று மாதம் வரவில்லை. ஆபீஸில் கேட்டால் "வரும்மா, வரும்" என்பார்கள். கடைசியில் நானே ஆதார் தளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பார்த்தேன். ஸ்கூலில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காக ஊரில் ஆரம்பித்த பழைய கணக்கோடுதான் ஆதார் இணைந்திருந்தது. அதற்கு ஏடிஎம் கார்டும் கிடையாது. இங்கே பேங்கில் ஃபாரம் எழுதிக் கொடுத்து மாற்றிய பிறகு பணம் இந்தக் கணக்குக்கு வர ஆரம்பித்தது. பாஸ்புக்கைக் காட்டினால் போதாது, ஆதார் எந்தக் கணக்கோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். அதை ஊரில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு அலைச்சலுக்கும் இந்த ஊர் திருப்பிக் கொடுக்கிறது. கன்னிமாரா நூலகத்தில் காலையில் போய் உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். மார்கழியில் மயிலாப்பூர் பக்கம் மத்தியானக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் சபா வாசலை மிதித்ததில்லை, நான் நான்கு கச்சேரி கேட்டேன்.

மியூசியத்துக்கு முதலில் ஒரு வெள்ளிக்கிழமை ஓடினேன். வெள்ளிக்கிழமை விடுமுறையாம், வாசலோடு திரும்பினேன். மறுநாளே மறுபடி போனேன். காலேஜ் ஐடியைக் காட்டினால் டிக்கெட் குறைவு. ஆதிச்சநல்லூர் என்று எழுதியிருந்த பலகையைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே வந்து அப்பாவுக்கு போன் செய்தேன். லோடு ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர், வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "ரோட்டோரத்துல இருக்கே, அந்தப் பரம்பாம்மா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா, அதேதான் என்றேன்.