4294967297

2^32 + 1. இது பகா எண் என்றே கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-ல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதைக் காரணிகளாக உடைத்தார்: 641 × 6700417.

641-ஐ எப்படிப் பிடிப்பது? இதன் பகாக் காரணிகள் எல்லாம் 64k + 1 வடிவம்தான் (k முழு எண்). அந்த வடிவிலுள்ள பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும்; அதனால் 193, 257, 449, 577, 641 என ஐந்தே வகுத்தல். (128k + 1 என்று பிறகு பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இறுக்கியபின் 257, 641 இரண்டே மிச்சம்!)

வகுக்காமலும் காட்டலாம், இதுதான் அழகு. 641 = 5·2^7 + 1; எனவே 641-ஆல் வகுத்தால் 5·2^7-க்கு மீதி −1. நான்காம் அடுக்கில் 5^4·2^28-க்கு மீதி 1. ஆனால் 641 = 5^4 + 2^4. ஆக 5^4-க்குப் பதில் −2^4 போடலாம்: −2^32-க்கு மீதி 1. அதாவது 2^32 + 1 மீதியின்றி வகுபடும்.

கணினி நிரலில் சரிபார்ப்பவர்கள் 64 பிட் முழு எண் எடுங்கள். குறியற்ற 32 பிட்டில் உச்சம் 4294967295. இந்த எண் சுருண்டு வெறும் 1 ஆகிவிடும்.