நாலரை மணிக்குக் கண்விழிக்கும் பெட்டி

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு சிறிய குளத்தின் அணைக்கட்டில் நாங்கள் பொருத்திய பெட்டி, நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மணியளவில் ஓய்ந்துவிடும். விடியப்புறம் நாலரைக்கு மீண்டும் பேசத் தொடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைப் பதிந்து கிளிநொச்சிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. மாரி மழையில் குளம் வான் பாயுமா என்று பார்த்திருக்கவேண்டிய மூன்றரை மணி நேரம் பதிவில் வெறுமையாகக் கிடந்தது. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை.

முதலில் பற்றரியைக் குற்றம் சொன்னேன், பிறகு பனியை. மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வீதியால் மூன்று தடவை போய்வந்தேன். யானைப் பயத்தால் பொழுதுபட முன்னரே திரும்பிவிட வேண்டும். மடிகணினியைக் கேபிளால் இணைத்து ஒரு விசையைத் தட்டினால் பெட்டி சுகமாகப் பதில் சொல்லும். நான் பக்கத்தில் இருக்கும்வரை ஒரு பதிவும் தவறாது.

துப்புத் தந்தவர் குளத்துக் காவலாளி ஐயா. “தம்பி, விடியப்புறம் துருசு பார்க்க வரும்போது அந்தப் பொத்தானை அமத்துவேன். அதற்குப் பிறகுதான் உங்கள் பெட்டி எழும்புகிறது” என்றார். திரையில் வெளிச்சம் வருவதற்காக மட்டும் வைத்த பொத்தான் அது. சிரித்துவிட்டு வந்தேன். மாங்குளம் சந்தி வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

என் வேலை லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலின் அடித்தளத்தில், புரொசசரோடு நேரடியாகப் பேசும் பகுதியில். அங்கே நிரல் எழுதுவதைவிடச் சிப்பின் குணங்களைப் பதிந்துவைப்பதுதான் அதிகம். எங்கள் பெட்டியிலிருந்த கோர்டெக்ஸ் ஏ53 புரொசசருக்கு 843419 என்ற எண்ணில் ஒரு பிழை உண்டு. நினைவகத்தின் 4 கிலோபைட் பக்கமொன்றின் கடைசி இரண்டு இடங்களில் ஒரு குறிப்பிட்ட கட்டளை அமைந்தால் சில வேளைகளில் தவறான முகவரி வரலாம். அந்த நிலை ஏற்படாமல் தவிர்க்கும் வழி கேர்னலிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட பிழைகளைத் தேடித்தேடிப் படித்த எனக்கு, தூக்கத்தைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

புரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு ஒவ்வொன்றும் ஒரு கோர். வேலையில்லாத கோரைக் கேர்னல் தூங்க வைக்கும். இலேசான தூக்கத்தில் கோரின் சொந்த டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் வந்ததும் எழுப்பும். ஆழ்ந்த தூக்கத்தில் கோருக்கு மின்சாரமே போய்விடும், டைமரும் சேர்ந்து நின்றுவிடும். ஆகவே தூங்கப்போகும் முன்னர், எழுப்பும் பொறுப்பை வெளியே விழித்திருக்கும் இன்னொரு டைமரிடம் ஒப்படைக்க வேண்டும். எந்தத் தூக்கத்தில் டைமர் நிற்கும் என்பதைக் கேர்னல் தானாக அறியாது. டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பில் நாம் எழுதிக் கொடுப்பதை அப்படியே நம்பும்.

ஆழ்ந்த தூக்கத்தில் டைமர் நிற்கும் என்ற அந்த ஒரு வரி எங்கள் கோப்பில் இல்லை. பகலில் மோடத்துக்கு ஏதாவது செய்தி வந்துகொண்டிருக்கும், அந்தக் குறுக்கீடுகள் கோர்களை எழுப்பிவிடும். இரவில் எல்லாம் அடங்கியதும் நான்கு கோர்களும், நின்றுபோன தங்கள் டைமர்களை நம்பி உறங்கின. என் விசைத்தட்டலும் ஐயாவின் பொத்தானும் செய்தது ஒரே வேலைதான். இப்படி உறைந்தால் மீளத் தொடக்கவென்றே ஒரு வாட்ச்டாக் உண்டு. சோதனைக்காலம் என்று அதை நாங்களே அணைத்து வைத்திருந்தோம். அதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது.

உறுதி செய்வது சுலபம். கேர்னல் தொடங்கும்போதே இந்தத் தூக்க ஏற்பாட்டை முழுவதுமாக அணைத்தேன். இரவு முழுவதும் பதிவு வந்தது. பற்றரிதான் விரைவாக இறங்கியது. பிறகு ஆழ்ந்த நிலையை மட்டும் அணைத்தேன், அப்போதும் வந்தது. டைமர் நிற்கும் என்று சொல்லும் வரியைச் சேர்த்து, எல்லா நிலைகளையும் திறந்துவிட்டேன். ஒரு இடைவெளியும் இல்லை. அந்தக் கோப்பை, இலேசான தூக்கம் மட்டுமே உள்ள வேறொரு பலகையின் கோப்பிலிருந்து பிரதி எடுத்து, ஆழ்ந்த நிலையைக் கையால் சேர்த்தவன் யார் என்று கோப்பின் மாற்ற வரலாற்றில் தேடினேன். என் பெயர்தான் இருந்தது.

நான்காவது பயணத்தில் ஐயாவிடம், இனிப் பொத்தானை அமத்தத் தேவையில்லை என்றேன்.

“எதற்கும் ஒருக்கால் அமத்திவிடுகிறேன், தம்பி” என்றார்.