ஊசி நிற்கும் அரைமணி நேரம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்குக் கரையில் இருக்கும் சின்னமுட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது முடிவதற்குள்ளேயே மேற்குக் கரையில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தடை ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 31 வரை போகும். படகுகள் சும்மா கிடக்கும் இந்த மாதங்களில்தான் இன்ஜின் வேலை பார்க்கும் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், சின்னமுட்டத்தில் ஒரு விசைப்படகின் கூலிங் லைனை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் பாதையை, சோதிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. டேங்கில் நல்ல தண்ணீர் தினமும் குறைகிறது, வெளியே சொட்டு தெரியவில்லை. கைப்பம்பை மாட்டி, டேங்க் மூடியில் போட்டிருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றினேன். ஐந்து நிமிடம் பம்பில் அழுத்தம் காட்டும் ஊசி அசையவில்லை. சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். தடை முடிந்து கடலுக்குப் போன மூன்றாம் நாள் இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. படகில் இருந்த ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மறுநாள் விடியும் முன்பே, எங்கள் மூத்த மெக்கானிக் அண்ணாச்சி என்னைக் கூட்டிப்போனார். நான் சோதித்தது பத்து மணி வெயிலில். வெக்கை ஏற ஏற, அடைபட்ட தண்ணீர் விரிந்து ஊசியைத் தூக்கிப் பிடிக்கும். மெல்லிய கசிவு தெரியவே தெரியாது.

முதலில் பம்பின் வாயை அடைத்து, பம்பையே சோதித்தார். அதன் ஓஸ் கசிந்தால் மற்றதெல்லாம் வீண். அப்புறம் ஏர் எடுத்தார். லைனின் உயரமான இடத்தில் நட்டைத் தளர்த்தி, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வழியும்வரை அடித்தார். உள்ளே காற்று இருந்தால் அது ஸ்பிரிங் மாதிரி அமுங்கியிருந்து, தண்ணீர் கொஞ்சம் போனாலும் விரிந்து ஈடுகட்டும். தண்ணீர் அப்படி அமுங்காது. சில சொட்டு போனாலே ஊசி காட்டிக்கொடுத்துவிடும். பம்பின் பிடியிலேயே இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். காற்று இருந்தால் மெத்தென்று இறங்கும், இல்லாவிட்டால் சட்டென்று கெட்டியாகும்.

ஜாயின்ட்டுகளில் பழைய பேப்பரைச் சுற்றச் சொன்னார். ஆனி மாதக் காற்றில் ஈரம் கண்ணில் படும் முன்பே காய்ந்துவிடும். பேப்பரில் கறை நிற்கும்.

“மக்களே, ஊசியப் பாரு. என்னப் பாக்காத.”

பத்து நிமிடத்தில் ஒன்றுமில்லை. இருபதில் ஊசி கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலகியது. அரைமணியில் சந்தேகமே இல்லை. பேப்பர் எல்லாம் காய்ந்தே இருந்தது, ஆயில் கேஜ் குச்சியிலும் தண்ணீர் கலந்த வெள்ளை இல்லை. அப்படியானால் கசிவு கூலருக்குள்தான், கடல் தண்ணீரால் நல்ல தண்ணீரைக் குளிரவைக்கும் குழாய்க் கூட்டுக்குள். உப்புத் தண்ணீர் ஓடும் பக்கத்து மூடியைக் கழற்றி டார்ச் அடித்தோம். ஒரே ஒரு குழாயின் வாயில் ஒரு துளி திரண்டு விழுந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. அந்தக் குழாயின் இரு முனையையும் பித்தளை அடைப்பானால் அடைத்து, மறுபடி அழுத்தம் ஏற்றி, மறுபடி அரைமணி நேரம் உட்கார்ந்தோம்.

அடுத்த நாள் அதிகாலை படகு கிளம்பியது. இரவு அது திரும்பும்வரை நான் ஹார்பரிலேயே இருந்தேன். இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து டேங்க் மூடியைத் திறந்தேன். காலையில் விட்ட அளவிலேயே தண்ணீர் நின்றது.